சேர்க்கையும் ஈர்ப்பும்

நாளிதழ்ச் செய்திகளில் ‘ஓரினச்சேர்க்கையாளர்’ என்ற சொல் இன்னும் அடிபடுகிறது. ‘சேர்’ என்பதிலிருந்து வந்த சேர்க்கை, கல்லூரியில் மாணவர் சேர்க்கை. ‘பையனுக்குச் சேர்க்கை சரியில்லை’ என்று வீட்டில் திட்டினால் கூடாநட்பு. ஆளைக் குறிக்கும் பெயரில் ஏறியதும் படுக்கையறை மட்டுமே அதன் பொருளாகிவிடுகிறது.

அதற்கு மாற்றாகச் சொல்லப்படும் ‘தன்பாலீர்ப்பாளர்’ அப்படியல்ல. ஈர்த்தல் என்றால் இழுத்தல். புவியீர்ப்பிலும் அதுவே இருக்கிறது. மனம் இழுபடுவதையும் காதலையும் இந்தச் சொல் சேர்த்தே சொல்லிவிடுகிறது.

சென்னையில் 2003-ல் தொடங்கி, தன்பாலீர்ப்பாளர்களுக்கும் அவர்களின் பெற்றோருக்கும் தோள்கொடுத்துவரும் குழுவின் பெயர் ‘ஓரினம்’. அதில் பழைய சொல்லின் பாதி உண்டு, சேர்க்கை இல்லை.

சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல் விசாரித்த வழக்கைத் தொடர்ந்து, இவர்களைக் குறிக்கும் மரியாதையான சொற்களின் பட்டியலைத் தமிழக அரசு 2022-ல் அரசிதழில் வெளியிட்டது. செய்தி எழுதுவோர் அதைப் புரட்டிப் பார்க்கட்டும்.