டூப் போட்ட கார்

அப்பாவின் பஜாஜ் சேத்தக்கை விற்றபோது ஆர்டிஓ ஆபீஸ் வாசலில் இருந்த புரோக்கர் ஒரு வேலை சொன்னார். "சேஸிஸ் பிரிண்ட் எடுத்துட்டு வாங்க தம்பி, ரெண்டு காப்பி." எடுத்திருக்கிறீர்களா? வண்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, பொறித்த எண்ணின் மேல் படிந்திருக்கும் கிரீஸையும் புழுதியையும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, மெல்லிய காகிதத்தை வைத்து பென்சிலைச் சாய்த்துத் தேய்க்க வேண்டும். சின்ன வயதில் நாணயத்தின் மேல் தேய்ப்போமே, அதே டெக்னிக். கறுப்புக்கு நடுவே எண்கள் வெள்ளையாக எழும்பி வரும். அப்பா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "பெயிண்ட் மூணு தடவை அடிச்சாச்சு. சீட்டு, ஹெட்லைட்டு, கிளட்ச் எல்லாம் மாத்தியாச்சு. இந்த நம்பர்தான்டா வண்டி" என்றார்.

அதற்குச் சில வருடம் கழித்து, ஆன்சைட் போயிருந்தபோது, இரண்டு அமெரிக்க சேஸிஸ் எண்களைப் பற்றிப் படித்தேன். ஒன்று 8-ஆர்-02-எஸ்-125558. இன்னொன்று 8-ஆர்-02-எஸ்-125559. இதை யாரும் பிரித்துப் படிக்கலாம். 8 என்றால் 1968 மாடல். ஆர் என்றால் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே ஆலை. 02 என்றால் மஸ்டாங்கின் ஃபாஸ்ட்பேக் உடல், அதாவது கூரை சரிந்து டிக்கி வரை ஒரே கோடாக இறங்கும் வடிவம். எஸ் என்றால் 390 ஜிடி எஞ்சின், நம் கணக்கில் 6.4 லிட்டர். கடைசி ஆறு இலக்கங்கள் ஆலையின் வரிசை எண். அது 100001-இல் தொடங்கும். ஆக இரண்டும் அடுத்தடுத்து எண் வாங்கிய கார்கள். ஒரே நிறம், ஒரே எஞ்சின். இரட்டைப் பிள்ளைகள்.

சான் ஹோசே ஆலை என்பது பெயருக்குத்தான். கட்டடம் நின்றது பக்கத்து ஊரான மில்பிடாஸில். 1955 முதல் 1983 வரை ஃபோர்டு அங்கே கார் செய்தது. மூடிய பிறகு அதே கட்டடத்தை மாற்றி 1994-ல் கிரேட் மால் என்று திறந்தார்கள். பே ஏரியாவில் வேலை பார்த்த தமிழர்களுக்கு மில்பிடாஸைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஊருக்குக் கிளம்பும் முன் சூட்கேஸ் நிரப்ப நாம் போகும் அதே மால்தான். அத்தைக்கு ஹேண்ட்பேக், சித்தப்பாவுக்கு பெல்ட் என்று லிஸ்ட்டோடு நான் வளைய வந்த தரையில்தான் அந்த இரண்டு கார்களும் பிறந்திருக்கின்றன. அது தெரியாமலே ஆறேழு தடவை போய்வந்திருக்கிறேன்.

அவை இரண்டும் போனது 'புல்லிட்' படத்துக்கு. 1968-ல் வந்தது. இயக்கம் பீட்டர் யேட்ஸ். ஸ்டீவ் மெக்வீன் சான் ஃபிரான்சிஸ்கோ போலீஸ் அதிகாரி. கதையை விடுங்கள், எனக்கு இரண்டாவது தடவை பார்த்தபோதுதான் முழுசாகப் புரிந்தது. படம் நிற்பது ஒரு கார் சேஸிங்கில். சுமார் 11 நிமிடம். பச்சை மஸ்டாங் ஒரு கறுப்பு டாட்ஜ் சார்ஜரைத் துரத்துகிறது. துரத்தல் சூடுபிடிக்கும் இடத்தில் லாலோ ஷிஃப்ரினின் இசை சட்டென்று நின்றுவிடும். அதற்கப்புறம் எஞ்சின் சத்தம், டயர் கீச்சிடும் சத்தம், அவ்வளவுதான். சான் ஃபிரான்சிஸ்கோ தெருக்கள் மாடிப்படி மாதிரி இறங்கும். ஒவ்வொரு குறுக்குத்தெருவிலும் சமதளம், பிறகு மறுபடி சரிவு. அந்த விளிம்பில் கார் வேகமாக வந்தால் நான்கு சக்கரமும் தரையை விட்டு எழும்பும். இறங்கும்போது அடிவயிறு தரையில் மோதும். செட் இல்லை. நிஜத் தெரு, நிஜ வேகம். சில இடங்களில் மணிக்கு 110 மைலுக்கு மேல்.

அதை எடிட் செய்த ஃபிராங்க் கெல்லருக்கு ஆஸ்கர் கிடைத்தது. ஆனால் கவனித்துப் பார்த்தால் பிழைகள் எண்ணி மாளாது. ஒரே பச்சை ஃபோக்ஸ்வேகன் பீட்டிலைத் திரும்பத் திரும்ப முந்திப் போவார்கள். சார்ஜரிலிருந்து வீல் கப் கழன்று ஓடும், மறுபடி ஓடும், நான்கு சக்கரத்துக்கு உண்டானதைவிட அதிகமாகவே ஓடும். ஊரின் ஒரு மூலையில் திரும்பினால் அடுத்த ஷாட்டில் பல மைல் தள்ளி இன்னொரு மூலை வரும். கோட் ரிவ்யூவில் இதை நான் விட்டிருக்க மாட்டேன். படத்தில் யாருக்கும் உறுத்தவே இல்லை.

விஷயம் அந்த இரண்டு கார்களுக்குள் நடந்த வேலைப் பிரிவினையில் இருக்கிறது. 125559 ஹீரோ கார். மெக்வீன் முகம் தெரியும் ஷாட்டுகள், உள்ளிருந்து எடுக்கும் ஷாட்டுகள் எல்லாம் அதற்கு. கேமரா பொருத்த அதன் அடியில் குழாய்களை வெல்டு செய்தார்கள். 125558 ஸ்டண்ட் கார். குதிப்பது, மோதுவது, உரசுவது அதன் வேலை. ரேஸ் கார் மெக்கானிக் மேக்ஸ் பால்சாவ்ஸ்கி அந்த அடிகளைத் தாங்க சஸ்பென்ஷனைப் பலப்படுத்திக் கொடுத்தார்.

மனிதர்களுக்குள்ளும் இதே பிரிவினைதான். எல்லா ஷாட்டையும் தானே ஓட்ட வேண்டும் என்று மெக்வீனுக்கு ஆசை. நிஜமாகவே நல்ல ஓட்டுநர். ஆனால் ஒரு திருப்பத்தில் பிரேக் பிடித்து, டயர் புகைந்து, திருப்பத்தைத் தாண்டிப் போய்விட்டார். அந்தப் பிழையைப் படத்திலேயே வைத்திருக்கிறார்கள். ரிவர்ஸ் எடுத்துத் திரும்புவதைப் பார்க்கலாம். ஆபத்தான பகுதிகள் பட் எகின்ஸ் கைக்குப் போயின. யார் ஓட்டுகிறார் என்று கண்டுபிடிக்க ரசிகர்கள் ஒரு வழி சொல்வார்கள்: ரியர்வியூ கண்ணாடியில் முகம் தெரிந்தால் மெக்வீன், கண்ணாடி திருப்பிவிடப்பட்டிருந்தால் டூப்.

இந்த எகின்ஸ்தான் 1963-ல் வந்த 'தி கிரேட் எஸ்கேப்' படத்தில் முள்வேலியைத் தாண்டி மோட்டார் சைக்கிளில் பறந்தவர். உலகம் முழுக்க அது மெக்வீன் தாண்டியதாகவே பதிந்துபோனது. நம்மூர் ஸ்டண்ட் யூனியன்காரர்கள் யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள், புதுசா என்ன என்று.

படம் முடிந்ததும் 125558 கண்டம் செய்ய அனுப்பப்பட்டது. அடிபட்டு நெளிந்த காரை வைத்துக்கொண்டு ஸ்டுடியோ என்ன செய்யும்? அதில் கொடுமை என்றும் யாரும் நினைத்ததில்லை. சினிமாவில் கார் என்பது ஃபிலிம் ரோல் மாதிரி, செலவாகிற பொருள். பத்து வருடம் கழித்து 'தி டியூக்ஸ் ஆஃப் ஹசார்ட்' தொடர் வந்தது. 1979 முதல் 1985 வரை ஓடியது. 'ஜெனரல் லீ' என்ற ஆரஞ்சு சார்ஜர் வாரம் தவறாமல் ஆற்றையும் போலீஸ் காரையும் தாண்டும். பார்ப்பவர்களுக்கு அது ஒரே கார். செலவான சார்ஜர்கள் முன்னூறு இருக்கும் என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. குதித்து இறங்கும்போதே சேஸிஸ் வளைந்துவிடும். அடுத்த வாரம் அடுத்த கார். பழைய கார்களைத் திரையில் பார்த்து ஏங்குகிறோமே, அவற்றில் பெரும்பாலானவற்றைக் கொன்றதும் அதே திரைதான்.

125559-க்கு வேறு விதி. ஸ்டுடியோவில் வேலை பார்த்த ஒருவர் வாங்கினார். அவரிடமிருந்து ஒரு போலீஸ் துப்பறிவாளருக்கு. 1974-ல் ஒரு கார் பத்திரிகையில் வந்த விளம்பரத்தைப் பார்த்து நியூஜெர்சிக்காரர் ஒருவர் 6,000 டாலருக்கு வாங்கினார். காரை மியூசியத்தில் வைக்கவில்லை. அவருடைய மனைவி பள்ளிக்கூட டீச்சர். தினமும் அதில்தான் வேலைக்குப் போனார். உலகின் புகழ்பெற்ற சேஸிங் கார் பள்ளிக்கூட வாசலில் வெயிலில் நின்றது. இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

1977 டிசம்பரில் அந்தக் குடும்பத்துக்கு மெக்வீனிடமிருந்து டைப் செய்த ஒரு சின்னக் கடிதம் வந்தது. காரைத் திரும்ப வாங்கிக்கொள்ள விரும்புகிறேன், படத்தில் இருந்த நிலையிலேயே வைத்திருக்க ஆசை, பதிலுக்கு அதே மாதிரி வேறு மஸ்டாங் தேடித் தருகிறேன், அதிகப் பணம் என்றால் மறந்துவிடுவோம் என்கிற சாரம். கெஞ்சலும் கறாரும் கலந்த கடிதம். அவர்கள் விற்கவில்லை. 1980-ல் கிளட்ச் போனது. ஓடோமீட்டர் 65,000 மைலைத் தொட்டிருந்தது. கார் ஓரமாக நின்றது. அதே வருடம் நவம்பரில் மெக்வீன் ஐம்பது வயதில் இறந்துபோனார்.

பிறகு முப்பது வருடத்துக்கும் மேல் அந்தக் கார் எங்கே என்று ரசிகர்கள் தேடினார்கள். குடும்பம் வாய் திறக்கவில்லை. வீடு மாறும்போது கார் கூடவே போனது, கடைசியில் டென்னசிக்கு. ரிப்பேர் செய்யலாம் என்று ஆரம்பித்து நின்றுபோனது. 2014-ல் அப்பா இறக்க, மகன் எடுத்தார். 2018 ஜனவரியில் டெட்ராய்ட் ஆட்டோ ஷோவில், படத்தின் ஐம்பதாம் ஆண்டுக்காக ஃபோர்டு புது மஸ்டாங்கை அறிமுகம் செய்த மேடையில், பழைய காரும் வந்தது. பெயிண்ட் மங்கி, துருவோடு. பட்டி பார்க்கவில்லை, டிங்கரிங் இல்லை. அடியில் வெல்டு செய்த கேமரா குழாய்கள் அப்படியே. இது அதுதான் என்பதற்கு சேஸிஸ் எண்ணும் பதிவேடுகளும் இருந்தன. கூடவே மெக்வீனின் கடிதம். காரை வாங்க முடியாமல் போனவர் எழுதியது காருக்கே சான்றிதழ் ஆனது.

2020 ஜனவரியில் ஃபுளோரிடாவில் ஏலம். கமிஷனோடு 37.4 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 26 கோடி ரூபாய். அதுவரை எந்த மஸ்டாங்கும் ஏலத்தில் தொடாத விலை.

சரி, தம்பி காருக்கு வருவோம். வரிசை எண்ணில் அண்ணன்தான், ஆனால் எப்போதும் பின்னால் நின்ற கார். டெட்ராய்ட் மேடைக்கு ஓராண்டு முன், 2017-ல், மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியாவில் 125558 கிடைத்தது. வாங்கியவருக்கு அது என்ன கார் என்றே தெரியாது. பழைய மஸ்டாங் ஓடு ஒன்று மலிவாகக் கிடைத்தது, அவ்வளவுதான். அதை 'எலனோர்' ஆக மாற்றுவது திட்டம். எலனோர் என்பது 2000-ல் வந்த 'கான் இன் 60 செகண்ட்ஸ்' படத்தின் சாம்பல் நிற மஸ்டாங். அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் பழைய ஃபாஸ்ட்பேக் எது கிடைத்தாலும் எலனோர் நகல் செய்துகொண்டிருந்த காலம். ஒரு படத்துக்காக உடைந்த கார், இன்னொரு படத்தின் காருக்கு வேஷம் போட ஒர்க்‌ஷாப்பில் நின்றது. இரண்டாவது தடவையும் டூப்.

வேலை தொடங்கும் முன் யாரோ சேஸிஸ் எண்ணைத் தேடிப் பார்த்தார்கள். ஃபோர்டின் பழைய உற்பத்திப் பதிவுகளை வைத்திருக்கும் கெவின் மார்ட்டி மெக்சிகோவுக்கே போய்ச் சரிபார்த்தார். எண் சரியாக இருந்தது. எண்ணோடு உடம்பும் பேசியது. முன்பக்க ஷாக் அப்சார்பர் டவர்களில் சாதாரண மஸ்டாங்கில் இல்லாத பலப்படுத்தல் இருந்தது.

இரண்டு கார்களில் எது 'புல்லிட் கார்' என்று என்னைக் கேட்டால், முகம் இருந்தது 125559-இல், முதுகு முறிந்தது 125558-இல் என்பேன். விலை முகத்துக்குப் போவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஆனால் நீங்கள் யூடியூபில் அந்தச் சரிவைப் பார்க்கும்போது, நான்கு சக்கரமும் மேலே எழும்பும் அந்த அரை வினாடியில் உங்கள் வயிற்றைக் கலக்குவது பெரும்பாலும் அந்த இன்னொரு கார்தான். இறங்கும்போது கேட்கும் தகரச் சத்தத்தைக் கவனியுங்கள். மெக்சிகோவில் அதை அடையாளம் காட்டிய டவர்கள் அந்த அடியைத் தாங்கப் போட்டவை.