அச்சம் தணித்த நம்பிக்கை

ஜொகூர் பாருவை அடுத்த தம்போயில் 1937ஆம் ஆண்டு மனநல மருத்துவமனை ஒன்று திறக்கப்பெற்றது. இன்று பெர்மாய் என வழங்கும் அம்மருத்துவமனை, மனத்துன்பமும் மருத்துவத்திற்குரிய நோயே என்னும் கருத்து இம்மண்ணில் வேரூன்றியதற்குச் சான்றாகும். ஆயினும், அச்சத்தை நீக்குவது மருத்துவமா, அதன்மேல் வைத்த நம்பிக்கையா என்னும் வினா எளிதில் விடைபெறவில்லை.

1967ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், நீரிணையின் அக்கரையிலுள்ள சிங்கப்பூரில் ‘கோரோ’ என்னும் அச்சம் பரவிற்று. தடுப்பூசியிட்ட பன்றியின் இறைச்சியை உண்டால் பிறப்புறுப்பு உடலுக்குள் சுருங்கி உயிர் போய்விடும் என்ற வதந்தியே அதன் வித்து. நூற்றுக்கணக்கானோர், பெரும்பாலும் சீன ஆடவர், மருத்துவரிடம் விரைந்தனர். இஃது உடல்நோயன்று, அச்சமே என மருத்துவச் சங்கத்தார் மக்களுக்கு விளக்கினர், அலை ஓய்ந்தது. பின்னர் ஆய்ந்த குழுவினர் 469 பேரைப் பற்றிய குறிப்புகளைத் திரட்டினர். உறுப்புச் சுருங்கியது மெய்யன்று. அவர்கள் துடித்ததோ பொய்யன்று. வதந்தியை நம்பியதால் வந்த துன்பம், மருத்துவர் சொல்லை நம்பியதால் தணிந்தது.

நம்பிக்கையே போதுமெனின் முறையான மருத்துவம் எதற்கு? இதனை அமெரிக்க உளவியலறிஞர் கோர்டன் பால் சோதித்தறிந்து 1966இல் நூலாக வெளியிட்டார். மேடையில் பேச அஞ்சும் கல்லூரி மாணவர்களை அவர் பல குழுக்களாகப் பிரித்தார். ஒரு குழுவினர்க்கு அமைதி தரும் மருந்தெனக் கூறி வெற்று மருந்து கொடுக்கப்பட்டது. அன்பான கவனிப்பும் கிடைத்தது. ‘பிளசீபோ’ எனப்படுவது இதுவே. ‘உவப்பளிப்பேன்’ என்பது அவ்விலத்தீன் சொல்லின் பொருள். மற்றொரு குழுவினர், தென்னாப்பிரிக்க மருத்துவர் ஜோசப் வோல்ப்பி வகுத்த முறைப்படி, உடலைத் தளர்த்தி, அஞ்சும் காட்சிகளைப் படிப்படியே மனத்தில் கண்டு பழகினர்.

முடிவு சிந்திக்கத்தக்கது. வெற்று மருந்து பெற்றோர், ஏதும் பெறாதோரைவிட மேம்பட்டனர். மனத்தின் ஆழ்காரணங்களை ஆராய்ந்து பேசும் மருத்துவம் பெற்றோர்க்கும் அவர்கள் பின்தங்கவில்லை. ஆயினும், படிப்படியாகப் பழகியோரே அனைவரினும் மிகுதியாக அச்சம் நீங்கினர்.

நம்பிக்கை கதவைத் திறக்கும். நடந்து செல்லப் பயிற்சி வேண்டும். பேச்சுப்போட்டி மேடையில் நா உலர்ந்து நிற்கும் மாணவனை நடிக்கிறான் என்று கடிவது அறியாமை. “அஞ்சாதே” என்று கூறி அமர்ந்துவிடுவதும் அரைப்பணியே. முதலில் நால்வர் முன், பின்னர் வகுப்பின் முன், அதன்பின் அவையின் முன் அவனைப் பேசப் பழக்குவதே ஆசிரியர் கடனாகும்.