சபரும் சஃபாரியும்

பள்ளிவாசலில் வந்து தங்கும் வழிப்போக்கரை முஸாபிர் என்கிறோம். சபரில் இருப்பவர் தொழுகையைச் சுருக்கித் தொழலாம் என்பதும் சின்ன வயதிலேயே ஓதிக்கொடுக்கப்பட்டதுதான். ஆயினும், ஆபிரிக்கக் காட்டில் ஜீப்பில் போய்ச் சிங்கம் பார்ப்பதற்கு வழங்கும் 'சஃபாரி' என்ற சொல் இதே சபரிலிருந்து பிறந்தது என்றால் என் மாணவர்கள் நம்ப மறுக்கிறார்கள். அரபு வணிகர்களின் சொல்லைக் கிழக்காபிரிக்கச் சுவாஹிலி மக்கள் 'சஃபாரி' என்று தமதாக்கிக்கொண்டார்கள். அவர்களுக்கு அது வெறும் பயணந்தான். அதை ஆங்கிலேயர் எடுத்துப் போனபோது சொல்லின் கையில் துப்பாக்கி ஏறிவிட்டது. (ஸபர் மாதத்தை இதனோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம். அது 'ஸாத்' எழுத்தில் தொடங்கும் வேறு சொல்.)

துப்பாக்கி ஏறுவதற்கு முந்திய சபர் எப்படி இருந்தது என்பதை அறிய நமக்கு இப்னு பதூதா இருக்கிறார். மொரோக்கோவின் தஞ்சா நகரில் 1304-இல் பிறந்து, 1325-இல் ஹஜ்ஜுக்கென்று புறப்பட்டவர், ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அலைந்தார். 1331-ஆம் ஆண்டளவில் கிழக்காபிரிக்காவின் மொகதிசு, மொம்பாசா, கில்வா ஆகிய துறைகளுக்குச் சென்றார். மொகதிசுவில் கப்பல் வந்து நின்றதும் உள்ளூர் இளைஞர்கள் சிறு படகுகளில் உணவுத் தட்டுகளோடு வருவார்களாம். ஒவ்வொருவரும் ஒரு வணிகரிடம் தட்டை நீட்டி 'இவர் என் விருந்தாளி' என்று சொல்லிவிட்டால், அந்த வணிகர் அவர் வீட்டில்தான் தங்க வேண்டும். கொடுக்கல் வாங்கலும் அவர் வழியாகத்தான். இவர் வணிகர் அல்ல, மார்க்க அறிஞர் என்று அறிந்ததும் காழியின் விருந்தாளியாக்கினார்கள். நெய்ச்சோறும், பாலில் வேகவைத்த வாழைக்காயும், எலுமிச்சை ஊறுகாயும் கொடுத்ததைக்கூட அவர் மறக்காமல் சொல்லி வைத்திருக்கிறார். ஊறுகாயோடு சோறு உண்ணும் எங்களுக்கு அந்த ஊர் அத்தனை தூரமாகத் தெரிவதில்லை.

விலங்குகளையும் அவர் பார்த்தார். 1353-இல் மாலியிலிருந்து திரும்பும் வழியில் ஆற்றோரம் பதினாறு பெரிய உருவங்களைக் கண்டு யானைகள் என்று நினைத்தார். பிறகுதான் அவை ஆற்றில் வாழும் வேறொரு விலங்கு என்று அறிந்தார். நாம் இன்றும் அதனை நீர்யானை என்றே அழைக்கிறோம். ஆக, அவருடைய முதற் பிழை நமது மொழியில் நிலைத்த பெயர்.

இவற்றுக்கிடையே, 1344-இல், அவர் நமது நாட்டுக்கும் வந்தார். புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்று, ஆதம் மலைக்குப் போகப் பல்லக்கும், யோகிகளும் பிராமணர்களும் அடங்கிய துணையும், உணவு சுமக்க ஆட்களும் கொடுத்தார். ஒரு முஸ்லிம் பயணிக்கு ஓர் இந்து மன்னர் செய்த ஏற்பாடு அது. வழியில் அட்டைக்கடிக்கு எலுமிச்சை பிழிவதுவரை அவர் குறித்திருக்கிறார். அந்தப் பயணத்தை ஒட்டி அவர் சொல்லும் ஒரு கதைதான் இக்கட்டுரைக்குக் காரணம்.

ஷீராஸ் நகரத்துப் பெரியார் அபூ அப்துல்லாஹ் இப்னு கஃபீஃப் சுமார் முப்பது பக்கீர்மாரோடு ஆதம் மலைக்குப் போகையில் காட்டில் வழி தவறிவிட்டார்கள். பசி. யானைக் குட்டியொன்றைப் பிடித்து அறுத்து உண்ண அனுமதி கேட்டார்கள். ஷெய்கு தடுத்தார். அவர்கள் கேட்கவில்லை, அறுத்து உண்டார்கள். ஷெய்கு தொடவில்லை. இரவில் யானைகள் திரண்டு வந்து ஒவ்வொருவரையும் முகர்ந்து பார்த்துக் கொன்றன. ஷெய்கையும் முகர்ந்தன, ஒன்றும் செய்யவில்லை. ஒரு யானை தும்பிக்கையால் அவரைத் தூக்கி முதுகில் ஏற்றி, மனிதர் வாழும் இடத்தில் கொண்டுவந்து இறக்கியது. அதற்குப் பிறகே இந்நாட்டவர் முஸ்லிம்களை மதித்து வீட்டுக்குள் அழைத்து ஒன்றாக உண்ணவும் தொடங்கினார்கள் என்று இப்னு பதூதா முடிக்கிறார். ஷெய்கு இறந்தது 982-இல். கதை பதூதாவின் காதுக்கு வரும்போது அதற்கு மூன்றரை நூற்றாண்டு வயது. நடந்ததா என்று நான் வாதிட வரவில்லை. ஒரு சமூகத்துக்கு இந்நாட்டில் கிடைத்த மரியாதை யானைக் குட்டியைத் தின்னாத ஒருவரால் வந்தது என்று அக்காலத்தவர் நம்பினார்கள். வரலாற்று மாணவனுக்கு அந்த நம்பிக்கையே சான்று.

நாமும் சுத்தம் என்று சொல்லமாட்டேன். ஏறாவூர்ப் பணிக்கர்மார் தோற்கயிற்றுச் சுருக்கால் காட்டு யானை பிடிப்பதில் பேர்போனவர்கள். ஆனாலும் அது உயிரோடு பிடிக்கும் தொழில். கொல்வதை விளையாட்டாக்கியவர்கள் வேறு. மேஜர் ரொஜர்ஸ் சுட்டுக் கொன்றவை 1,400 என்று எழுதப்பட்டிருக்கிறது. 1845-இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். வடக்கின் ஒரு பகுதியில் மட்டும், 1848-க்கு முந்திய மூன்றாண்டுக்குள், அரசாங்கம் கொடுத்த பரிசுப் பணத்துக்காக 3,500-க்கு மேல் கொல்லப்பட்டதை எமர்சன் டெனன்ட் பதிவு செய்துள்ளார். நுவரெலியாவில் குடியிருந்து மின்னேரியாவரை வேட்டையாடிய சாமுவெல் பேக்கர் 1854-இல் அதைப் புத்தகமாக்கினார். பிறகு ஆபிரிக்கா போய் 1864-இல் அல்பர்ட் ஏரியைக் கண்டார். அந்த வேட்டைச் சபருக்கு இலங்கை ஒரு பயிற்சிக்களம்.

சுட்டு ஓய்ந்தபின் பூங்காக்கள் வந்தன. தென்னாபிரிக்காவில் குரூகர் 1926-இல், இங்கே யாலவும் வில்பத்துவும் 1938-இல். விலங்குக்கு இடம் ஒதுக்கியபோது மனிதர் வெளியேற்றப்பட்டதும் உண்டு: 1959-இல் செரங்கெட்டியிலிருந்து மசாய் மக்கள், 1983-இல் மாதுறு ஓயாப் பூங்காவுக்காக வேடர்கள். எங்கள் மாவட்டத்தின் கல்லோயாப் பூங்கா 1954-இல் வந்தது. 1949-இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் எங்கள் வயல்களுக்குத் தண்ணீர் தந்தது. யானையின் காட்டையும் எடுத்தது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சென்ற வருடம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை இங்கினியாகலைக்குக் கூட்டிப் போனேன். சேனநாயக்க சமுத்திரத்தில் படகில் இருந்தபடி, தீவிலிருந்து தீவுக்கு யானைகள் நீந்துவதைப் பார்த்தோம். ஒரு பையன் கேட்டான்:

"சேர், இதப் பாக்கக் காசு குடுக்கிறம். எங்கட வயலுக்கு இதே ஆனை வந்தா வெடி கொளுத்துறம். ஏன் சேர்?"

அவனுடைய வாப்பா இரவில் காவற்பரணில் தூங்காமல் இருப்பவர். அவனுக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. பொத்துவில் களப்பில் மீனவர்களே தோணி வலித்து, இயந்திரச் சத்தமின்றிக் கண்டற்காட்டினூடே விருந்தினரைக் கூட்டிப் போகிறார்கள்; கூலி அவர்கள் கைக்கே வருகிறது. மொகதிசுவின் தட்டேந்திய இளைஞர்களை அது எனக்கு நினைவூட்டுகிறது. அப்படி ஒரு பங்கு பரணில் விழித்திருப்பவருக்கும் வந்தால் பையனின் கேள்வி பாதியாகக் குறையும் என்று திரும்பும் வழியில் சொன்னேன்.

மீதிப் பாதி பள்ளக்காட்டில் இருக்கிறது. சுற்றுவட்டார ஊர்களின் குப்பை கொட்டப்பட்ட அந்த இடத்தில் பிளாஸ்டிக் தின்று எட்டு வருடங்களில் ஏறத்தாழ 20 யானைகள் இறந்ததாக 2022 ஜனவரியில் உலகப் பத்திரிகைகள் படத்தோடு எழுதின. இறந்தவற்றின் வயிற்றில் இருந்தவை பொலித்தீன் பைகள், சோறு சுற்றும் லஞ்ச் சீட்டுகள்.

இங்கினியாகலைக்கு நாங்கள் கொண்டு போனதும் லஞ்ச் சீட்டில் சுற்றிய சோறுதான். உண்டு முடித்தபின் எண்ணிப் பார்த்தேன், 38. எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி பஸ்ஸில் திருப்பிக் கொண்டுவந்தேன். ஊரில் எங்கே போடுவது என்று விளங்காமல் இரண்டு கிழமை வீட்டுப் பின்புறத்தில் கிடந்தது. இம்முறை பயணம் குமணைக்கு. சாப்பாட்டைப் பெட்டியில் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். பெட்டி இல்லாத மூன்று பிள்ளைகள் வாழையிலையில் கட்டி வருகிறோம் என்கிறார்கள்.