உதிரி பாகங்களால் ஆன உடல்கள்

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் மாலைநேரப் படிப்பகத்தில் படம் வரையும் வகுப்பு நடக்கும். போன மாதம் பிள்ளைகளிடம் ஆளுக்கொரு ரோபோ வரையச் சொன்னோம். பெரும்பாலோர் சினிமாவில் பார்த்த பளபளப்பான இரும்பு மனிதனை வரைந்தார்கள். காயலான் கடையில் அப்பாவுக்கு ஒத்தாசையாக இருக்கும் ஒரு பையன் மட்டும் குக்கர் மூடியை முகமாகவும், மொபெட் செயினை முதுகெலும்பாகவும், அளவு பொருந்தாத இரண்டு குழாய்களைக் கால்களாகவும் வைத்து வரைந்திருந்தான். ஒரு கால் குட்டை. "இது என்ன வேலைடா செய்யும்?" என்று கேட்டோம். அவன் பதில் சொல்லவில்லை. எங்களை ஒருமாதிரி பார்த்தான்.

மற்ற பிள்ளைகளிடம் நாங்கள் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. பழைய இரும்பில் செய்த உடல் என்றதும் அதற்கு ஒரு வேலை இருந்தாக வேண்டும் என்று எங்களுக்கு ஏன் தோன்றியது? அந்த உறுத்தலில் எழுதுவதுதான் இது.

ரோபோ என்ற சொல்லே வேலையிலிருந்து பிறந்ததுதான். செக் எழுத்தாளர் காரெல் சாபெக் 1920இல் எழுதி, அடுத்த ஆண்டு பிராகில் மேடையேறிய 'ஆர்.யு.ஆர்.' நாடகத்தின் வழியாக அது உலகத்துக்கு வந்தது. சொல்லை எடுத்துக் கொடுத்தவர் அவருடைய அண்ணன், ஓவியர் யோசெப். செக் மொழியில் 'ரோபோட்டா' என்பது பண்ணையடிமை தன் பிரபுவுக்குக் கட்டாயமாகச் செய்து கொடுக்க வேண்டிய உழைப்பு. அந்த முறை அங்கே சட்டப்படி ஒழிந்தது 1848இல்தான். நம்மிடமும் இதற்கு நேரான சொல் உண்டு: வெட்டி. சோழர் காலக் கல்வெட்டுகளில் கூலியில்லாத கட்டாய உழைப்பைக் குறித்த சொல் இது. இன்று 'வெட்டி வேலை' என்றால் உருப்படாத வேலை என்று பொருளாகிவிட்டது. கூலி கொடுக்காதவர்கள் கடைசியில் அந்த உழைப்பையே பயனற்றது என்று சொல்லிவிட்டார்கள். 'வெட்டியான்' என்ற சொல் யார் தலையில் கட்டப்பட்டது என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சிவகாசியிலிருந்து வந்த லயன் காமிக்ஸில் 'சட்டித்தலையன்' ஆர்ச்சியைப் படித்து வளர்ந்த அண்ணன்மார் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். 1952இல் பிரிட்டனில் பிறந்த ஆர்ச்சி முழுசான, பழுதில்லாத ரோபோ. வெள்ளைக்கார எஜமானர்களோடு காடு காடாகப் போய் அவர்கள் சொன்னதைச் செய்யும். ரசித்துப் படித்தோம், அது வேறு விஷயம்.

அடுத்த ஆண்டே, 1953இல், அமெரிக்காவில் இ.சி. நிறுவனத்தின் 'வியர்ட் ஃபேன்டஸி' இதழில் 'ஜட்ஜ்மென்ட் டே' என்ற சிறிய கதை வந்தது. எழுதியவர் அல் ஃபெல்ட்ஸ்டீன், வரைந்தவர் ஜோ ஒர்லாண்டோ. ரோபோக்கள் மட்டும் வாழும் ஒரு கிரகத்துக்கு, அது விண்மீன் குடியரசில் சேரத் தகுதியானதா என்று பார்க்க பூமியிலிருந்து ஒருவர் வருகிறார். அங்கே ஆரஞ்சு ரோபோக்கள் ஒரு பக்கம், நீல ரோபோக்கள் ஊரின் இன்னொரு பக்கம். நீல ரோபோக்கள் பேருந்தில் பின்னால்தான் உட்கார வேண்டும். தொழிற்சாலைக்குள் போய்ப் பார்த்தால் இரண்டுக்கும் ஒரே பாகங்கள்தான். கடைசியில் போர்த்தும் உறையின் நிறம் மட்டும்தான் வேறு, அதற்குப் பிறகு ஊட்டப்படும் படிப்பும் வேறு. இன்னும் தகுதி வரவில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பும் அவர், கடைசிக் கட்டத்தில் தலைக்கவசத்தைக் கழற்றுகிறார். அவர் கறுப்பினத்தவர். 1956இல் இதை மறுபடி அச்சிடப் போனபோது, அந்த மனிதர் கறுப்பராக இருக்கக் கூடாது என்று காமிக்ஸ் தணிக்கை அமைப்பு அடம்பிடித்தது. பதிப்பாளர் பில் கெய்ன்ஸ் மசியவில்லை, அப்படியே அச்சிட்டார்.

ஆனால் அந்தக் கதையின் ரோபோக்கள் புதிதாக வார்க்கப்பட்டவை. தூக்கியெறியப்பட்டதிலிருந்து எழுந்து வரும் ரோபோவை நாங்கள் கண்டது 1978இல். பிரிட்டனின் 'ஸ்டார்லார்ட்' இதழில் பாட் மில்ஸ் 'ரோ-பஸ்டர்ஸ்' என்ற தொடரைத் தொடங்கினார். சில மாதங்களிலேயே அந்த இதழ் '2000 ஏ.டி.'யோடு இணைந்தது, தொடரும் அங்கே போனது. அது பிரிட்டனில் தொழிலாளர் கொந்தளித்த காலம். 1979 தொடக்கத்தில் துப்புரவுப் பணியாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்க, லண்டனின் லெஸ்டர் சதுக்கத்தில் குப்பை மலையாகக் குவிந்தது.

கதை இதுதான். காலாவதியாகிவிட்டன என்று ஒதுக்கப்பட்ட ரோபோக்களை ஒரு முதலாளி மலிவாக வாங்கி, மனிதர்கள் நுழையப் பயப்படும் விபத்துகளுக்குள் அனுப்புகிறான். செத்தால் நட்டமில்லை. முக்கியமான இருவரில் ஒருவன் ஹாமர்ஸ்டீன், பழைய போர் ரோபோ. இன்னொருவன் ரோ-ஜாஸ், சாக்கடை ரோபோ. அந்த உடலே சாக்கடைக்காகத்தான் வடிவமைக்கப்பட்டது. வேலையைப் பார்த்து உடல், உடலைப் பார்த்து வேலை, வேறு எதுவாகவும் ஆக முடியாது. சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்பவர்களையே பிரித்து ஒருவர்மேல் ஒருவராக அடுக்கி வைப்பது என்று அம்பேத்கர் 1936இல் எழுதினார். 'சாதி ஒழிப்பு' படித்தவர்கள் ரோ-ஜாஸைப் பார்த்ததும் பிடித்துக்கொள்வார்கள். தூக்கியெறியப்பட்டவர்களுக்குள்ளும் அந்த அடுக்கு இருக்கிறது. சிப்பாய்க்குச் சாக்கடைக்காரனின் பேச்சும் பழக்கமும் சங்கடம். ரோ-ஜாஸின் கெட்ட வார்த்தைகள் வாசகருக்குச் சிரிப்பு. அந்தச் சிரிப்பை நாங்கள் முழுக்க மன்னிக்கவில்லை.

முதலாளி பாத்திரம்தான் எங்களை அதிகம் யோசிக்க வைத்தது. அவன் பட்டப்பெயர் 'மிஸ்டர் டென் பர்சென்ட்'. உடலெல்லாம் இயந்திரம், மூளை மட்டும் மனித மூளை, ஆக அவன் 10 விழுக்காடுதான் மனிதன். அந்த 10 போதும், அவன் உடைமையாளன். மற்றவர்கள் உடைமை. யார் மனிதர் என்று தீர்மானிக்கும் கோடு எங்கே விழுகிறது என்பதை இதைவிட எளிமையாக எங்களால் வகுப்பில் விளக்க முடிந்ததில்லை. நம் நாட்டில் கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 2013இல் வந்தது. 1993 முதல் சாக்கடையில் இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் தர வேண்டும் என்று 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இல் அது 30 லட்சமானது. தொகை ஏறுகிறது, இறங்குவதும் நிற்கவில்லை.

1979இல் இதே மில்ஸ் '2000 ஏ.டி.'யில் 'ஏபிசி வாரியர்ஸ்' தொடரைத் தொடங்கினார். அதில் மாங்க்ரோல் என்றொரு ரோபோ. போரில் பாராசூட்டில் இறங்கிய படைப்பிரிவில் ஒருவன், சிதறிப்போகிறான். லாரா என்ற பெண் கிடைத்த உதிரிகளைப் பொறுக்கிச் சேர்த்து அவனுக்கு ஒரு பெரிய உடல் கட்டுகிறாள். எதிரிப் படையினர் அவளைக் கொன்றுவிடுகிறார்கள். மாங்க்ரோலின் புத்தியில் தங்கியதெல்லாம் அவள் பெயர்தான், அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறான். அவன் பெயரிலும் ஒரு வசவு ஒளிந்திருக்கிறது: கலப்பின நாய்க்கு ஆங்கிலத்தில் 'மாங்கிரல்' என்பார்கள். தூய்மை பேசுகிறவர்கள் கலந்து பிறந்தவர்கள்மேல் எறியும் சொல். ஒட்டுப்போட்ட உடலைக் கேவலமாக இல்லாமல், ஒருத்தியின் அன்பு தங்கிய இடமாக வரைந்தார்களே, அது எங்களுக்குப் பெரிதாகப் பட்டது.

யார் பொறுக்கிச் சேர்க்கிறார்கள் என்பதில்தான் அரசியல் இருக்கிறது. 2019இல் வந்த 'அலிட்டா' படத்தை நிறையத் தோழர்கள் பார்த்திருப்பீர்கள். அதன் மூலம் 1990இல் யுகிட்டோ கிஷிரோ தொடங்கிய ஜப்பானிய மாங்கா. வானத்தில் ஸாலெம் என்ற நகரம் தொங்குகிறது, அதன் கழிவெல்லாம் கீழே விழுகிறது. கீழே இருக்கும் ஊர் அந்தக் குப்பையில் பிழைக்கிறது. அங்கே ஒரு பெண் சைபோர்கின் தலையும் மார்பும் இடோ என்ற மருத்துவர் கையில் கிடைக்க, அவர் வேறு உடல் பொருத்துகிறார். இடோ மேலேயிருந்து வந்தவர். அவளுக்கு அவர் வைக்கும் பெயர், செத்துப்போன தன் பூனையின் பெயர். படத்தில் அதைச் செத்துப்போன மகளின் பெயராக மாற்றி நெகிழ வைத்துவிட்டார்கள். மாங்காவே நேர்மையானது என்போம்: மீட்பவர் நல்லவர்தான், ஆனால் பெயர் வைக்கும் உரிமை தன்னுடையது என்று அவருக்குச் சந்தேகமே வரவில்லை. பணம் சேர்த்துவிட்டால் ஸாலெமுக்கு ஏறிவிடலாம் என்று நம்பும் ஹியூகோவும் அந்தக் கதையில் உண்டு. ஏமாற்றப்பட்டது தெரிந்த பிறகும் அவன் குழாயைப் பிடித்து மேலே ஏறுகிறான், பாதியிலேயே அறுபட்டுப் போகிறான்.

நம்மூர் 'எந்திரன்' 2010இல் வந்தது. துண்டு துண்டாக வெட்டிக் குப்பைமேட்டில் வீசப்பட்ட சிட்டி, அங்கிருந்து மீட்கப்பட்டால் வில்லனாகத்தான் திரும்பி வர முடிந்தது.

போன ஞாயிறு அந்தப் பையன் தானாகவே இன்னொரு படம் கொண்டுவந்தான். அதே குக்கர் மூடி முகம், அதே குட்டைக் கால். பக்கத்தில் புதிதாக இன்னொரு ரோபோ, அதுவும் ஓட்டை உடைசல்தான், கையில் ஒரு ஸ்பானர். இந்தத் தடவை வேலையைப் பற்றி நாங்கள் கேட்கவில்லை. "இது யாருடா?" என்றோம்.

"இதாண்ணா அதைச் செஞ்சுது."