மனித இனத்தின் நெடுங்கால நிலைப்பு

மனித இனத்தின் நெடுங்கால நிலைப்பு என்பது, மனித இனம் பல்லாயிரம் அல்லது பல இலட்சம் ஆண்டுகளுக்குப் பின்னரும் அழியாது வாழ இயலுமா என்னும் கேள்வியையும், அது தொடர்பான ஆய்வுகளையும் குறிக்கும். வானியல், நிலவியல், தொல்லியல், உயிரியல், நிகழ்தகவுக் கோட்பாடு, மெய்யியல் ஆகிய துறைகள் இக்கேள்வியுடன் தொடர்புடையன. தமிழ்நாட்டின் செங்கல்பட்டுப் பகுதியும் மாமல்லபுரம் கடற்கரையும் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டுகள் ஆகும். மிகத் தொன்மையான கற்கருவிகள், கடல் கொண்ட கட்டடங்கள், அணு உலைகள், தலைமுறைகளாகப் பேணப்படும் ஏரிகள் ஆகியவை இங்கு ஒரே வட்டாரத்தில் காணப்படுகின்றன.

கால அளவுகள்

மாமல்லபுரத்தின் சிற்பங்கள் செதுக்கப்பட்டுள்ள பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் பழமையானவை. அச்சிற்பங்களோ சுமார் 1,300 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. நம் இனமான ஓமோ சேப்பியன்சின் அறியப்பட்ட மிகப் பழைய எச்சங்கள் மொரோக்கோவில் கிடைத்தன. அவற்றின் வயது சுமார் 3 இலட்சம் ஆண்டுகள் ஆகும்.

புவியில் உயிர்கள் வாழத்தக்க காலத்துக்கும் ஓர் எல்லை உண்டு. சூரியனின் ஒளிர்வு 100 கோடி ஆண்டுகளுக்குச் சுமார் 10 விழுக்காடு என்ற அளவில் கூடி வருகிறது. இதனால் ஏறத்தாழ 100 கோடி ஆண்டுகளில் கடல்கள் ஆவியாகத் தொடங்கும் எனக் கணிக்கப்படுகிறது. சூரியன் செம்பெருமீனாக மாறுவதற்கு இன்னும் சுமார் 500 கோடி ஆண்டுகள் உள்ளன. எனவே வானியல் நோக்கில் மனித இனத்துக்கு எஞ்சியுள்ள காலம் மிக நீண்டது. அக்காலம் முழுவதையும் கடக்க இயலுமா என்பதே கேள்வி.

தொல்பழங்காலச் சான்றுகள்

1863 மே மாதத்தில் இராபர்ட் புரூசு ஃபூட் என்னும் நிலவியலாளர் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழங்கற்கால ஆய்வு இக்கண்டுபிடிப்பிலிருந்தே தொடங்கியது. அதே ஆண்டில் அவரும் வில்லியம் கிங் என்பவரும் அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டனர். அத்திரம்பாக்கம் அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது.

சாந்தி பப்பு, குமார் அகிலேசு ஆகியோர் அத்திரம்பாக்கத்தில் அகழாய்வு நடத்தினர். 2011 இல் வெளியான முடிவுகளின்படி அங்குள்ள கைக்கோடரிகளின் வயது சுமார் 15 இலட்சம் ஆண்டுகள் ஆகும். 2018 இல் வெளியான ஆய்வு, சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்னரே அங்கு இடைப் பழங்கற்காலத் தொழினுட்பம் தோன்றியதாகக் காட்டியது.

இக்கருவிகளுடன் மனித எலும்புகள் எவையும் கிடைக்கவில்லை. ஆயினும் 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் நம் இனம் தோன்றியிருக்கவில்லை என்பதால், கைக்கோடரிகளைச் செய்தோர் இன்று அழிந்துபோன வேறு ஒரு மனித இனத்தவரே ஆவர். ஏறக்குறைய ஒரே வகைக் கருவியைப் பல இலட்சம் ஆண்டுகள் கைமாற்றி வாழ்ந்த அவர்கள், நம்மை விட நெடுங்காலம் நிலைத்தவர்கள். அவர்களும் நிலைக்கவில்லை என்பது கருதத்தக்கது.

சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமாத்திராவின் தோபா எரிமலை வெடித்தது. அதன் சாம்பல் இந்தியாவெங்கும் படிந்தது. ஆந்திரப் பிரதேசத்தின் சுவாலாபுரத்தில் சாம்பல் படிவுக்குக் கீழும் மேலும் ஒத்த வகைக் கற்கருவிகள் கிடைத்துள்ளன. அப்பகுதி மக்கள் அப்பேரிடரைக் கடந்து வாழ்ந்தனர் என்பதற்கு இதனை ஆய்வாளர் சிலர் சான்றாகக் காட்டுகின்றனர்.

கடலும் நினைவும்

ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றுள்ளதை விடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. 1901 முதல் 2018 வரையான காலத்தில் உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்துள்ளது. 2002 இல் தேசியக் கடலியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், மாமல்லபுரக் கடற்கரைக் கோயிலுக்கு அப்பால் நீருக்கடியில் கட்டடச் சிதைவுகளைக் கண்டனர்.

2004 திசம்பர் 26 அன்று சுமாத்திரா அருகே ஏற்பட்ட நிலநடுக்கத்தால் ஆழிப்பேரலை எழுந்தது. பல நாடுகளில் சுமார் 2,30,000 பேர் இறந்தனர். தமிழ்நாட்டில் இறந்தோர் ஏறத்தாழ 8,000 பேர். நிலநடுக்கத்துக்கும் அலை தமிழகக் கரையை அடைந்ததற்கும் இடையே சுமார் இரண்டு மணி நேரம் இருந்தது. எனினும் அந்நேரத்தைப் பயன்படுத்தத்தக்க எச்சரிக்கை அமைப்பு எதுவும் அன்று இந்தியப் பெருங்கடலில் இல்லை.

அலை வடிந்தபின், மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் கல்வெட்டுள்ள பாறை ஒன்று வெளிப்பட்டது. அதனைத் தொடர்ந்து 2005 இல் இந்தியத் தொல்லியல் துறை அங்கு அகழ்ந்து, செங்கல்லால் ஆன பழைய முருகன் கோயிலையும் அதன்மேல் எழுப்பப்பட்ட பல்லவர் காலக் கோயிலையும் கண்டது. முன்னைய ஆழிப்பேரலைகளால் இக்கோயில் சேதமுற்றிருக்கலாம் எனத் தொல்லியலாளர்கள் கருதுகின்றனர்.

கடல்கோள் என்னும் சொல் தமிழில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. ஆயினும் கடல் திடீரென உள்வாங்கினால் மேட்டுநிலத்துக்கு ஓட வேண்டும் என்னும் அறிவு 2004 இல் பெரும்பாலோரிடம் இல்லை. உள்வாங்கிய கடலை வேடிக்கை பார்க்கச் சென்றோரும் இருந்தனர். இந்தோனேசியாவின் சிமியுலு தீவின் நிலை வேறாக இருந்தது. அங்கு 1907 இல் ஏற்பட்ட ஆழிப்பேரலையைப் பற்றிய செய்தி, "சுமோங்" என்னும் பெயரில் பாட்டாகவும் கதையாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டு வந்தது. 2004 இல் நிலம் நடுங்கியதும் மக்கள் குன்றுகளுக்கு ஓடினர். சுமார் 78,000 பேர் வாழ்ந்த அத்தீவில் அலையால் இறந்தோர் ஏழு பேர் மட்டுமே. பேரிடரின் பெயரை மட்டும் நினைவில் வைத்திருப்பது போதாது, அப்போது செய்ய வேண்டியதும் நினைவில் இருக்க வேண்டும் என்பதை இவ்வேறுபாடு காட்டுகிறது.

2007 இல் ஐதராபாத்தில் இந்திய ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் தொடங்கப்பட்டது.

கல்பாக்கமும் எரிபொருளும்

மாமல்லபுரத்துக்குத் தெற்கே உள்ள கல்பாக்கத்தில் சென்னை அணுமின் நிலையமும் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையமும் அமைந்துள்ளன. இயற்கை யுரேனியத்தில் எளிதில் பிளவுறும் யுரேனியம்-235 இன் அளவு 0.7 விழுக்காடு மட்டுமே. எஞ்சிய யுரேனியம்-238 ஐப் புளூட்டோனியமாக மாற்றிப் பயன்படுத்துவது ஈனுலையின் நோக்கம் ஆகும். இம்முறை வெற்றி பெற்றால் உலகின் யுரேனிய வளம் பன்மடங்கு நெடுங்காலத்துக்குப் பயன்படும். கல்பாக்கத்தின் சோதனை ஈனுலை 1985 இல் முதன்முதலாக இயங்கியது. 500 மெகாவாட் திறனுள்ள முன்மாதிரி ஈனுலையின் கட்டுமானம் 2004 இல் தொடங்கியது. அதில் எரிபொருள் நிரப்பும் பணி 2024 மார்ச்சில் தொடங்கி வைக்கப்பட்டது.

நெடுங்கால எரிபொருளுடன் நெடுங்காலக் கழிவும் சேர்ந்தே வருகிறது. புளூட்டோனியம்-239 இன் அரைவாழ்வுக் காலம் சுமார் 24,000 ஆண்டுகள். நெப்டியூனியம்-237 இற்கு இது 21 இலட்சம் ஆண்டுகள் ஆகும். உயர்கதிரியக்கக் கழிவுகள் கண்ணாடியுடன் சேர்த்து உருக்கி உறையவைக்கப்படுகின்றன. இங்கு எழும் சிக்கல் மொழி சார்ந்ததும் ஆகும். 1,300 ஆண்டுகளே ஆன பல்லவர் கல்வெட்டுகளை இன்று பயிற்சி பெற்றோர் மட்டுமே படிக்க இயலும். அவ்வாறிருக்க, 24,000 ஆண்டுகளுக்குப் பின் வருவோருக்கு "இங்கே தோண்டாதே" என்று எம்மொழியில் எழுதிவைப்பது என்பதற்கு உறுதியான விடை இல்லை.

நிகழ்தகவு வாதங்கள்

1993 இல் ரிச்சர்ட் காட் என்னும் வானியற்பியலாளர் ஒரு கணக்கை முன்வைத்தார். நாம் மனித வரலாற்றின் தனிச்சிறப்பற்ற ஏதோ ஒரு கணத்தில் வாழ்கிறோம் எனக் கொண்டால், 2 இலட்சம் ஆண்டுகளாக வாழ்ந்துவரும் நம் இனம் இன்னும் 5,100 ஆண்டுகளுக்குக் குறையாமலும் 78 இலட்சம் ஆண்டுகளுக்கு மேற்படாமலும் வாழும் என்பதற்கு 95 விழுக்காடு வாய்ப்பு உள்ளது. இக்கணக்கு எந்த ஆபத்தையும் தனித்து ஆராய்வதில்லை என்பது இதன்மீது வைக்கப்படும் குறையாகும்.

தோபி ஓர்ட் என்னும் மெய்யியலாளர் 2020 இல் ஆபத்துகளைத் தனித்தனியே மதிப்பிட்டார். சிறுகோள் மோதல், எரிமலை போன்ற இயற்கை ஆபத்துகளை விட, அணு ஆயுதம், செயற்கை நோய்க்கிருமி, செயற்கை அறிவாண்மை போன்று மனிதரே உண்டாக்கும் ஆபத்துகள் மிகப் பெரியவை என்பது அவர் முடிவு. 2022 இல் நாசாவின் டார்ட் விண்கலம் மோதியதால் டைமார்ஃபசு என்னும் சிறுகோளின் சுற்றுக்காலம் அரை மணி நேரத்துக்கும் மேலாகக் குறைந்தது. சில இயற்கை ஆபத்துகளைத் தவிர்க்கும் வழிகள் உருவாகி வருவதை இது காட்டுகிறது.

பேணுதலின் பங்கு

செங்கல்பட்டு மாவட்டம் ஏரிகள் நிறைந்தது. ஏரி என்பது ஒருமுறை கட்டி முடிக்கப்படும் பொருள் அன்று. ஆண்டுதோறும் கரையைப் பலப்படுத்தி, மதகைச் சீர்செய்து, தூர் வாரினால் மட்டுமே அது ஏரியாக நீடிக்கும். வேடந்தாங்கல் ஏரியில் கூடும் பறவைகளை ஊர்மக்கள் தலைமுறைகளாகக் காத்து வந்துள்ளனர். அவர்களுடைய இவ்வுரிமையை 1798 இல் அன்றைய செங்கல்பட்டு ஆட்சியர் ஏற்றுக்கொண்டார். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதால், இக்காப்பு ஊருக்கும் பயன் தருவதாக இருந்தது.

நெடுங்கால நிலைப்பைப் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் விண்வெளிக் குடியேற்றம் போன்ற பெருந்திட்டங்களைச் சுற்றியே நடைபெறுகின்றன. ஆனால் இவ்வட்டாரத்தின் சான்றுகள் வேறு ஒன்றையும் சுட்டுகின்றன. எந்த ஒரு தலைமுறையும் தொலைதூர எதிர்காலத்தை நேரடியாக உறுதிசெய்ய இயலாது. ஏரியையும் எச்சரிக்கையையும் அடுத்த தலைமுறையிடம் பழுதின்றி ஒப்படைக்கவே அதனால் இயலும். அத்தொடர்ச்சி ஒரு தலைமுறையில் அறுந்தாலும் இழப்பு நேரும் என்பதை 2004 ஆம் ஆண்டு நிகழ்வு காட்டியது.

இவற்றையும் பார்க்கவும்

அத்திரம்பாக்கம்
சாளுவன்குப்பம் முருகன் கோயில்
2004 இந்தியப் பெருங்கடல் ஆழிப்பேரலை
ஈனுலை
வேடந்தாங்கல் பறவைகள் காப்பகம்