எவ்வளவு இழுக்கும்? எவ்வளவு குடிக்கும்?

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது.

சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகிற கார்டு லைன், விருத்தாசலம், அரியலூர் என்று ஒதுங்கிப் போய்விடுகிறது. பெரம்பலூருக்கு மிச்சம் இருப்பது ரோடுதான். காலம் காலமாக என்.ஹெச். 45 என்று சொல்லி வந்து, இப்போது 38 என்று நம்பர் மாறிவிட்ட அதே திருச்சி ரோடு. ஆகவே இந்த ஊர்க்காரர் எதை விளைவித்தாலும், சின்ன வெங்காயமோ, மக்காச்சோளமோ, பருத்தியோ, அது சந்தைக்குப் போக சக்கரம் வேண்டும். எந்தச் சக்கரம் என்று முடிவு செய்ய அவருக்கு இரண்டே கேள்விகள். எவ்வளவு இழுக்கும்? எவ்வளவு குடிக்கும்?

முதலில் இழுத்தது காளை. ஒரு ஜோடி காளை தொடர்ந்து உழைத்தால் கிடைப்பது சுமார் ஒரு குதிரைசக்தி. குதிரைசக்தி என்பதே ஒரு வியாபாரத் தந்திரம்தான். தன் நீராவி எஞ்சினை விற்பதற்காக ஜேம்ஸ் வாட் கண்டுபிடித்த கணக்கு அது. 'ஐயா, இந்த எஞ்சின் உங்கள் லாயத்தில் நிற்கும் இத்தனை குதிரைக்குச் சமம்' என்று சொன்னால்தானே முதலாளிக்குப் புரியும்!

ஆனால் காளையின் பெருமை அந்தக் கணக்கில் இல்லை. மழை பெய்த கரிசல் மண்ணில் அச்சு வரைக்கும் புதைந்து நிற்கும் வண்டியை, ஒரு மூச்சில் பெயர்த்து எடுக்கும் பாருங்கள், அதில் இருக்கிறது. வேகம் பிறகு. முதலில் நகர வேண்டும். எஞ்சினில் இதே சமாசாரத்தை இன்ஜினீயர் 'டார்க்' என்கிறார், நம்ம ஊர் மெக்கானிக் 'புல்லிங்' என்கிறார். இரண்டும் ஒன்றுதான்.

செலவு? வைக்கோல், தவிடு, பிண்ணாக்கு. வேலை இல்லாத நாளிலும் மாடு தின்னும், அது ஒரு குறை. லாரி சும்மா நின்றால் தின்னாது என்று நினைக்காதீர்கள். அது நிற்கும்போதும் டியூ தின்னும். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

இரண்டாம் உலகப் போர் சமயத்தில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. பஸ்ஸின் பின்னால் பீப்பாய் மாதிரி ஓர் அடுப்பைக் கட்டி, அதில் மரக்கரியை எரித்து, வருகிற வாயுவில் எஞ்சினை ஓட்டினார்கள். கரி பஸ். செலவு குறைவு, இழுவையும் குறைவு. மேடு வந்தால் பயணிகள் இறங்கித் தள்ளிய கதையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். டிக்கெட்டும் வாங்கி, வண்டியும் தள்ளி!

இழுவையும் வேண்டும், சிக்கனமும் வேண்டும் என்கிற இந்தச் சிக்கலுக்கு அதற்கு முன்பே ஒருவர் வழி கண்டுபிடித்திருந்தார். ருடால்ஃப் டீசல். 1897-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் அவருடைய எஞ்சின் சோதிக்கப்பட்டபோது, எரிபொருளில் இருக்கும் சக்தியில் சுமார் 26 சதவிகிதத்தை வேலையாக மாற்றிக் காட்டியது. அன்றைய நீராவி எஞ்சின்கள் பத்து சதவிகிதத்தைத் தொடுவதற்கே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. தீப்பொறி கிடையாது. காற்றைப் போட்டு அமுக்கு அமுக்கென்று அமுக்கினால் அதுவே கொதிக்கும், அதில் எண்ணெயைப் பீய்ச்சினால் பற்றிக்கொள்ளும். அவ்வளவுதான் ரகசியம்.

1900-ல் பாரீஸ் கண்காட்சியில் ஒரு டீசல் எஞ்சின் எதில் ஓடியது தெரியுமா? கடலை எண்ணெயில். நம்ம ஜெயங்கொண்டம் பக்கம் விளைகிறதே, அதே வேர்க்கடலை. பாவம், டீசலுக்கு நல்ல முடிவு வாய்க்கவில்லை. 1913 செப்டம்பரில் இங்கிலாந்துக்குக் கப்பலில் போனவர், இரவு அறைக்குத் தூங்கப் போனார். காலையில் ஆளைக் காணோம். சில நாள் கழித்துக் கடலில் உடல் கிடைத்தது. கடன் தொல்லை என்றார்கள், கொலை என்றார்கள். இன்று வரை பஞ்சாயத்து தீரவில்லை.

இந்தியாவுக்கு வருவோம். 1954-ல் டாடா நிறுவனம் பென்ஸ் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் லாரி செய்ய ஆரம்பித்தது. 1958-ல் பஜாஜ் டெம்போவின் மூன்று சக்கர வண்டி வந்தது. அதன் பெயர் நம் வாயில் எப்படி ஒட்டிக்கொண்டது என்றால், யார் செய்த வண்டியாக இருந்தாலும் சின்னதாக இருந்தால் 'டெம்போ'தான். 1986-ல் டாடா 407. அப்போது ஜப்பான் கம்பெனிகளின் கூட்டில் நாலைந்து பேர் சின்ன லாரியோடு களத்தில் இருந்தார்கள். 407 அத்தனை பேரையும் ஓரங்கட்டியது.

இதில் அரியலூரின் தேவை வேறு, பெரம்பலூரின் தேவை வேறு. பல கோடி வருடங்களுக்கு முன்னால் அரியலூர் கடலுக்கு அடியில் இருந்தது. அந்தக் கடல் விட்டுச்சென்றதுதான் சுண்ணாம்புக்கல். சிப்பியும் சங்கும் கல்லாகிக் கிடக்கிற பூமி. அதை வெட்டி சிமென்ட் ஆலைக்குக் கொண்டுபோவதற்குப் பெரிய டிப்பர் லாரிதான் சரி. டன் கணக்கில் லோடு, போகவர ஒரே பாதை. இன்னொன்று கவனித்தீர்களா? டீசலும் ஆதிகாலக் கடல் உயிர்களின் மிச்சம்தான். ஒரு கடலை எரித்து இன்னொரு கடலைச் சுமக்கிறார்கள்!

பெரம்பலூர் வெங்காயக்காரருக்கு டிப்பர் எதற்கு? செட்டிகுளம் பக்கத்தில் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் போட்டவரிடம் இன்றைக்குப் பத்து மூட்டை இருக்கும். பெரிய லாரிக்காரர் லோடு சேரும் வரை காத்திருக்கச் சொல்வார். சின்ன வெங்காயத்துக்கு நேற்று இருந்த விலை இன்றைக்கு இருக்காது. காத்திருந்தால் போச்சு. டிராக்டர்? எறையூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு இழுக்க அதுதான் ராஜா. அத்தனை பாரத்தையும் மூச்சுவிடாமல் இழுக்கும். ஆனால் திருச்சி மண்டிக்கு அறுபது கிலோமீட்டரை அதில் உருட்டிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் விடிந்துவிடும்.

இந்த இடைவெளியை பூனாவில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் யோசித்தார். டாடா மோட்டார்ஸுக்கு (அப்போது டெல்கோ) 2000-01-ல் சுமார் 500 கோடி ரூபாய் நஷ்டம். லாரி விற்கவில்லை. புதிதாக எதையாவது செய்தாக வேண்டிய நெருக்கடி. கிரிஷ் வாக் என்ற இளம் இன்ஜினீயரிடம் ஒரு சின்ன வண்டித் திட்டம் ஒப்படைக்கப்பட்டது. அவர் குழு முதலில் செய்த வேலை, ஊர் ஊராகப் போய் மூன்று சக்கர வண்டி ஓட்டுகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தது. உனக்கு எதுக்குப்பா நாலு சக்கரம் என்று கேட்டபோது ஒருவர் சொன்னாராம்: நாலு சக்கரம் இருந்தால் எங்க ஊரில் எனக்கு நல்ல இடத்தில் பெண் கொடுப்பாங்க!

எந்த மார்க்கெட் சர்வேயிலும் இப்படி ஒரு பதில் கிடைத்திருக்காது.

2005 மே மாதம் டாடா ஏஸ் வந்தது. விலை சுமார் 2.25 லட்சம். எஞ்சின் விஷயம்தான் அழகு. இண்டிகா காரின் நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சினைப் பாதியாக வெட்டிய மாதிரி இரண்டு சிலிண்டர், 702 சி.சி. சக்தி? வெறும் 16 குதிரை. பெட்ரோலில் ஓடிய மாருதி 800-க்கே 37 குதிரை உண்டு. அதில் பாதிகூட இல்லாத எஞ்சின் முக்கால் டன்னை இழுக்கும் என்றால் யார் நம்புவார்கள்?

நம்பலாம். கடப்பாரையை நினைத்துக்கொள்ளுங்கள். பாறையைப் புரட்ட பயில்வான் தேவையில்லை, கடப்பாரை நீளமாக இருந்தால் போதும். கியர் பெட்டி செய்வது அந்த வேலைதான். வேகத்தை விட்டுக்கொடுத்து இழுவையை வாங்கிக்கொள்கிறது. நூறு கிலோமீட்டர் வேகத்தில் வெங்காயத்துக்கு என்ன அவசரம்? பதினாறு குதிரை என்றால் நம் பழைய கணக்கில் பதினாறு ஜோடி காளை. போதாதா!

இனி குடிக்கிற கணக்கு. திருச்சிக்குப் போய்வர 120 கிலோமீட்டர். லிட்டருக்கு 20 கொடுக்கிற வண்டிக்கு 6 லிட்டர். 10 கொடுக்கிற வண்டிக்கு 12. பதினைந்து மூட்டை ஏற்றுகிறவருக்கு, மாதம் இருபது நடை என்றால், 120 லிட்டர் வித்தியாசம். அதுதான் குடும்பத்தின் அரிசி, பிள்ளையின் ஃபீஸ்.

அதே வருடம் நவம்பரில் சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பு சொன்னது. அதிக பாரம் ஏற்றிவிட்டு அபராதம் கட்டித் தப்பிக்கிற பழக்கம் இனி செல்லாது, கூடுதல் பாரத்தை இறக்கியே ஆகவேண்டும் என்று. பெரிய லோடுக்குப் பெரிய லாரி, ஊருக்குள் பிரித்துக் கொடுக்கச் சின்ன வண்டி என்று தொழிலே இரண்டாகப் பிரிந்தது. ஏஸுக்கு அடித்தது யோகம். இரண்டு வருடத்துக்குள் ஒரு லட்சம் வண்டி விற்றது. வடக்கே அதற்கு 'சோட்டா ஹாத்தி' என்று பெயர், இங்கே 'குட்டி யானை'. டெம்போ கதைதான் மறுபடியும். 2011-ல் அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தபோது அதையும் சிலர் குட்டி யானை என்றே கூப்பிட்டார்கள்.

யானை என்று பெயர் வைத்ததுதான் தப்போ என்னவோ, மக்கள் அதை நிஜ யானையாகவே நினைத்துவிட்டார்கள். முக்கால் டன் வண்டியில் ஒன்றரை டன். போதாதென்று கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் பின்னால் ஆட்களை நிற்க வைத்துக் கூட்டிப்போனார்கள். எத்தனை உயிர் போயிருக்கிறது! சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. பஸ் வராத ஊரில் சட்டத்தை யார் கேட்கிறார்கள் என்பதும் இருக்கிறது.

டியூ கதைக்கு வருகிறேன் என்றேனே. பெரம்பலூர் பக்கம் எனக்குத் தெரிந்த ஒருவர் முதலில் கௌரவத்துக்காகப் பெரிய வண்டி எடுத்தார். பாதி நாள் பாதி லோடு. எட்டாவது டியூவில் ஃபைனான்ஸ்காரர்கள் வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்து ஒரு சின்ன வண்டி, பழையது. விட்ட காசைப் பிடிக்கிறேன் என்று அளவுக்கு மேல் ஏற்றி, பட்டை உடைந்து, பச்சைமலை அடிவாரத்தில் ராத்திரி முழுக்க வெங்காயத்தோடு காவல் கிடந்தார். மூன்றாவதாக, ஒன்றேகால் டன் பிக்கப் ஒன்று பார்க்கப் போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

ஷோரூம் தம்பி ஏ.சி., டச் ஸ்கிரீன் என்று அடுக்கிக்கொண்டே போனான். இவர் வண்டியைச் சுற்றி வந்தார். குனிந்து பட்டையை எண்ணினார். டயரைத் தட்டினார். பிறகு கேட்டார்:

"அதெல்லாம் சரி தம்பி. முழு லோடோட, ஏத்தத்துல நிறுத்தி எடுத்தா, பின்னால உருளாம ஏறுமா?"

"ஏறும்ணே."

"அப்ப ஒரு டன் மணல் மூட்டை போடு. ஓட்டிப் பாத்துட்டு வந்து பேசுறேன்."

தம்பி மேனேஜரைத் தேடி உள்ளே போனான்.