கேட்காத கைதட்டல்: தொலைக்காட்சி நேரலையில் பிராட்வே இசைநாடகம்

1904 டிசம்பர் 27 அன்று லண்டனின் டியூக் ஆஃப் யார்க் அரங்கில் ஜே. எம். பேரியின் ‘பீட்டர் பேன்’ முதன்முதலாக மேடையேறியபோது, அந்நாடகத்தின் ஒரு கட்டத்தைக் குறித்து ஆசிரியருக்கு அச்சம் இருந்தது. நஞ்சருந்திய டிங்கர் பெல் என்னும் குட்டித் தேவதையின் ஒளி மங்கிக்கொண்டே வருகிறது. பீட்டர் அவையோரை நோக்கித் திரும்பி, தேவதைகள் இருப்பதை நம்புகிறவர்கள் கைதட்டுங்கள் என்று வேண்டுகிறான். ஒருவரும் தட்டாவிட்டால் நாடகம் அங்கேயே படுத்துவிடும். அப்படி நேர்ந்தால் இசைக்குழுவினர் கருவிகளைக் கீழே வைத்துவிட்டுத் தாங்களே கைதட்ட வேண்டும் என்று பேரி முன்னேற்பாடு செய்திருந்தார். அதற்குத் தேவை எழவில்லை. அரங்கம் அதிரக் கைதட்டல் எழுந்தது. பீட்டராக நடித்த நீனா பூசிகோ கண்கலங்கிவிட்டார் என்று நாடக வரலாறு பதிவு செய்கிறது.

அரை நூற்றாண்டு கழித்து, 1955 மார்ச் 7 இரவு, அதே வேண்டுகோளை நியூயார்க்கில் மேரி மார்ட்டின் விடுத்தார். இம்முறை அவர் எதிரே இருந்தவை என்.பி.சி. நிறுவனத்தின் வண்ணக் கேமராக்கள். அந்த ஒளிபரப்பை ஏறத்தாழ 6.5 கோடிப் பேர் பார்த்ததாக அன்று மதிப்பிடப்பட்டது. அவர்களுள் எத்தனை குழந்தைகள் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து கைதட்டினார்கள் என்பதை எவராலும் அறிய இயலாது. தட்டியவர்களின் ஓசை நடிகையின் செவியை எட்டவில்லை. ஆயினும் டிங்கர் பெல் பிழைத்துக்கொண்டாள்.

பிராட்வே இசைநாடகத்தைத் தொலைக்காட்சியில் நேரலையாக நிகழ்த்தும் முயற்சிகளின் அடிப்படைச் சிக்கல் இந்த ஒரு காட்சியில் அடங்கியிருக்கிறது. மேடையிலிருந்து அவைக்குச் செல்வது தொலைக்காட்சியில் பல்லாயிரம் மடங்கு பெருகுகிறது. அவையிலிருந்து மேடைக்குத் திரும்பி வருவதோ முற்றிலும் அறுந்துபோகிறது. அறுந்ததை எதைக்கொண்டு ஈடுசெய்வது என்ற கேள்விக்கு 1950களும் 2010களும் வெவ்வேறு விடைகளைத் தந்தன. அந்த விடைகளினூடே ‘நேரலை’ என்ற கருத்தாக்கமே உருமாறியது.

முதற்கட்டத்தின் பின்னணி வணிகம் சார்ந்தது. அமெரிக்காவில் வண்ணத் தொலைக்காட்சிக்கான தர வரையறை 1953 டிசம்பரில் ஒப்புதல் பெற்றது. மறு ஆண்டு ஆர்.சி.ஏ. நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த வண்ணப் பெட்டியின் விலை 1,000 டாலர். அந்த ஆர்.சி.ஏ.வே என்.பி.சி.யின் தாய் நிறுவனம். வண்ணப் பெட்டியை வாங்கத் தூண்டும் காட்சிகள் அதற்குத் தேவைப்பட்டன. பிராட்வேயில் அவை ஆயத்தமாக இருந்தன. ஜெரோம் ராபின்ஸ் இயக்கிய ‘பீட்டர் பேன்’ இசைநாடகம் 1954 அக்டோபர் 20 அன்று விண்டர் கார்டன் அரங்கில் தொடங்கி, 152 காட்சிகளுக்குப் பின் 1955 பிப்ரவரி 26 அன்று நிறைவுற்றது. ஒன்பதே நாள்களில் அதே முதன்மை நடிகர்களுடன் அது ‘புரொட்யூசர்ஸ் ஷோகேஸ்’ என்னும் நிகழ்ச்சியில் ஒளிபரப்பாயிற்று. ஆனால் அன்றைய பார்வையாளர்களுள் மிகப் பெரும்பாலோர் வீட்டில் கறுப்பு வெள்ளைப் பெட்டியே இருந்தது. வண்ணத்தை விற்பதற்காக எடுக்கப்பட்ட நிகழ்ச்சியைப் பெரும்பாலோர் வண்ணமின்றியே பார்த்தார்கள்.

மேடையைப் படப்பிடிப்புக் கூடத்துக்குப் பெயர்ப்பது எளிதான செயலாக இருக்கவில்லை. அரங்கில் எல்லாமே ஒரு திசையை நோக்கியவை. கடைசி வரிசை வரை எட்டும் வகையில் குரலும் கையசைவும் பெருக்கப்பட்டவை. திரை விழுந்தால் அடுத்த காட்சியை அமைத்துக்கொள்ளலாம். தொலைக்காட்சிக் கூடத்தில் திரை கிடையாது. காட்சியமைப்புகள் அனைத்தும் ஒரே தளத்தில் அடுத்தடுத்து நிறுத்தப்பட, கேமராக்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஓசையின்றி நகர வேண்டும். தலைக்கு மேல் நீளும் ஒலிவாங்கியின் நிழல் முகத்தில் விழலாகாது. அக்கால வண்ணக் கேமராக்களுக்குக் கண்கூசும் வெளிச்சம் தேவை. அதன் வெப்பத்தில் நடிகர்கள் ஆடிப் பாட வேண்டும். ‘பீட்டர் பேன்’ நாடகத்திலோ நாயகன் கம்பியில் தொங்கிப் பறக்கவும் வேண்டும். தவறு நேர்ந்தால் திரும்ப எடுக்க வழியில்லை.

திரும்ப எடுக்க வழியில்லாதது போலவே திரும்பக் காட்டவும் வழியில்லை. அன்று நடைமுறையில் இருந்த ஒரே பதிவுமுறை கினெஸ்கோப்: ஒளிபரப்பாகும் காட்சியை ஒரு திரையில் ஓடவிட்டு, அத்திரையைத் திரைப்படக் கேமராவால் படம் பிடிப்பது. கிடைப்பது தெளிவு குன்றிய கறுப்பு வெள்ளைப் படம். ஆகவே ‘பீட்டர் பேன்’ நாடகத்துக்குப் பெருகிய வரவேற்பைக் கண்ட என்.பி.சி., 1956 ஜனவரி 9 அன்று அதை மறுபடியும் ஒளிபரப்ப விரும்பியபோது நடிகர்களை மீண்டும் வரவழைத்து, நாடகம் முழுவதையும் புதிதாக நிகழ்த்த வேண்டியதாயிற்று. மறு ஒளிபரப்பு என்பதற்கு அன்று மறுபடி நடித்தல் என்றே பொருள்.

என்.பி.சி.யின் வெற்றிக்குப் போட்டி நிறுவனமான சி.பி.எஸ். அளித்த மறுமொழி ‘சின்ட்ரெல்லா’. ரிச்சர்ட் ராட்ஜர்ஸும் ஆஸ்கர் ஹாமர்ஸ்டைனும் அதை மேடைக்கென்றன்றித் தொலைக்காட்சிக்கென்றே படைத்தார்கள். நாயகி ஜூலி ஆண்ட்ரூஸுக்கு அப்போது வயது 21. ‘மை ஃபேர் லேடி’ இசைநாடகத்தில் அவர் பிராட்வேயில் புகழின் உச்சியில் இருந்தார். 1957 மார்ச் 31 ஞாயிறு இரவு, முன்னர் வாட்வில் அரங்காக விளங்கிப் பின்னர் வண்ணப் படப்பிடிப்புக் கூடமாக மாற்றப்பட்ட ஒரு கட்டடத்திலிருந்து அது ஒளிபரப்பாயிற்று. ஒரு காலத்தில் அவையோர் அமர்ந்திருந்த இடத்தில் இப்போது நான்கு பெருங்கேமராக்கள். நடிகர்கள் 56 பேர், இசைக்கலைஞர்கள் 33 பேர், மேடைப் பணியாளர்கள் உள்ளிட்ட பிறர் 80 பேர். இடநெருக்கடியால் இசைக்குழு தனியறையில் அமர்ந்து வாசித்தது.

‘சின்ட்ரெல்லா’வைப் பார்த்தோர் 10.7 கோடிப் பேர் என்பது அன்றைய மதிப்பீடு. அமெரிக்க மக்கள்தொகையில் பாதிக்கும் மேல். 1,600 இருக்கைகள் கொண்ட ஒரு பிராட்வே அரங்கம், வாரம் எட்டுக் காட்சிகள் வீதம் ஆண்டு முழுவதும் நிரம்பி வழிந்தாலும் இத்தனை பேரை எட்டுவதற்கு 160 ஆண்டுகள் வேண்டும். ஆயினும் அன்றிரவு ஆண்ட்ரூஸ் பாடி முடித்த எந்தப் பாடலுக்கும் கைதட்டல் எழவில்லை. அந்த வண்ணக் காட்சிக்கும் எச்சமில்லை. இன்று ஆய்வாளர்களுக்குக் கிடைப்பது 2004இல் குறுவட்டாக வெளிவந்த கறுப்பு வெள்ளைக் கினெஸ்கோப் பதிவு மட்டுமே.

இதற்குள் தொழில்நுட்பம் மாறிக்கொண்டிருந்தது. ஆம்பெக்ஸ் நிறுவனம் 1956இல் வீடியோ நாடாவை அறிமுகப்படுத்தியது. சில ஆண்டுகளில் வண்ணத்தையும் நாடாவில் பதிய முடிந்தது. 1960இல் மேரி மார்ட்டின் மூன்றாம் முறையாகத் தொலைக்காட்சியில் பீட்டராகப் பறந்தபோது, அது வண்ண நாடாவில் பதிவு செய்யப்பட்டு அந்த டிசம்பரில் ஒளிபரப்பாயிற்று. பின்னர் பலமுறை மறு ஒளிபரப்பும் கண்டது. இனி நடிகர்களை மீண்டும் வரவழைக்க வேண்டியதில்லை. நேரலை கட்டாயமாக இருந்த காலம் முடிந்தது. முழுநீள இசைநாடக நேரலை அமெரிக்கத் தொலைக்காட்சியிலிருந்து பல பத்தாண்டுகள் ஏறத்தாழ மறைந்தே போயிற்று.

மொழியியல் நோக்கில் இம்மாற்றம் கருதத்தக்கது. பேசும் படம் வரும்வரை ‘மௌனப்படம்’ என்ற சொல்லுக்குத் தேவை இருக்கவில்லை. எல்லாப் படமும் வெறும் ‘படம்’தான். எதிரிணை தோன்றிய பிறகே பழையதற்கு அடைமொழி வேண்டியிருந்தது. நேரடி நிகழ்ச்சிக்கும் இது பொருந்தும். பதிவு என்ற ஒன்று இல்லாத உலகில் எல்லா நிகழ்த்துதலும் நேரடியானதே; அதைத் தனியே சொல்லிக்காட்ட வேண்டியதில்லை. 1955இன் ‘பீட்டர் பேன்’ நேரலையானது வேறு வழி இல்லாததால். 2010களில் அதே அடைமொழி நிகழ்ச்சியின் தலைப்பிலேயே, ஆங்கிலத்தில் வியப்புக்குறியுடன் இடம்பெற்றது. வழியின்மையைக் குறித்த சொல் விளம்பரமாயிற்று.

2013 டிசம்பர் 5 அன்று என்.பி.சி. ஒளிபரப்பிய ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக் லைவ்!’ இந்த இரண்டாம் கட்டத்தைத் தொடங்கிவைத்தது. பார்வையாளர்கள் நிகழ்ச்சிகளைப் பதிந்துவைத்து, விளம்பரங்களைத் தாண்டி, விரும்பிய நேரத்தில் பார்க்கத் தொடங்கிவிட்ட காலம் அது. எல்லோரும் ஒரே நேரத்தில் பார்த்தாக வேண்டிய ஒன்றைத் தேடிய நிறுவனத்துக்கு, நேரலை இசைநாடகம் விடையாகத் தோன்றியது. 1959இல் மேடையில் மரியா பாத்திரத்தை முதன்முதலில் ஏற்றவர் அதே மேரி மார்ட்டின். இப்போது அப்பாத்திரத்தை நாட்டுப்புறப்பாங்கு இசையின் நட்சத்திரமான கேரி அண்டர்வுட் ஏற்றார். லாங் ஐலண்டில், முன்னர் விமான ஆலை வளாகமாக இருந்த இடத்தில் காட்சியமைப்புகள் எழுப்பப்பட்டன. 1.86 கோடிப் பேர் பார்த்தார்கள். ஆனால் அங்கும் அவை இல்லை. பெரும் பாடல் ஒன்று உச்சத்தில் முடிந்ததும் சூழும் அமைதி, இசைநாடகத்துக்குப் பழகிய செவிகளை உறுத்தியது. இசைநாடகப் பாடலின் கட்டமைப்பிலேயே கைதட்டலுக்கான இடைவெளி அடங்கியிருக்கிறது; அந்த இடைவெளி நிரம்பாதபோது பாடல் முடிவுறாமல் நிற்கிறது.

மறு ஆண்டு ‘பீட்டர் பேன் லைவ்!’ வந்தபோது பார்த்தோர் எண்ணிக்கை 92 லட்சமாகச் சரிந்தது. டிங்கர் பெல்லைக் காக்கும் கட்டத்தில் இம்முறை பார்வையாளர்கள் சமூக ஊடகத்தில் ஹேஷ்டேக் இடுமாறு கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். அறுந்த இழையை இணைக்க முயன்ற புதுமை அது. எனினும் ட்வீட்டுகள் எத்தனை குவிந்தாலும், மேடையில் நிற்பவர் அவற்றைக் கேட்டுத் தம் அடுத்த சொல்லை உரைப்பதில்லை.

பயன் தந்த தீர்வு பழையது: அவையை மீண்டும் கொண்டுவருவது. 2016 ஜனவரி 31 அன்று ஃபாக்ஸ் ஒளிபரப்பிய ‘கிரீஸ்: லைவ்’ நிகழ்ச்சியில் தாமஸ் கெய்லும் அலெக்ஸ் ருட்ஜின்ஸ்கியும் காட்சியமைப்புகளுக்கு உள்ளேயே பார்வையாளர்களை நிறுத்தினார்கள். அன்று கலிஃபோர்னியாவில் மழை. திறந்தவெளியில் தொடங்கிய பாடலில் குடைகள் இடம்பெற்றன. மழையை மறைக்க முயலாததே அந்நிகழ்ச்சி உண்மையில் அந்நேரத்தில்தான் நடக்கிறது என்பதற்குச் சான்றாயிற்று. 2018 ஏப்ரல் 1, ஈஸ்டர் ஞாயிறன்று, புரூக்ளினில் பழைய படைக்கலக் கூடம் ஒன்றிலிருந்து ஒளிபரப்பான ‘ஜீசஸ் கிறைஸ்ட் சூப்பர்ஸ்டார்’ நிகழ்ச்சியில், மேடையை ஒட்டி நின்ற திரளின் ஆரவாரம் இசையின் பகுதியாகவே ஒலித்தது. வீட்டிலிருப்போர் கைதட்ட வேண்டியதில்லை. அவர்கள் சார்பில் ஓர் அவை கைதட்டியது.

அடுத்த ஆண்டு ‘ரென்ட்’ இந்தக் கட்டுமானத்தைச் சோதித்தது. 2019 ஜனவரி 27 அன்று ஃபாக்ஸில் ஒளிபரப்பாகவிருந்த அந்நாடகத்தின் முதன்மை நடிகர்களுள் ஒருவரான பிரெனின் ஹண்ட், முந்தைய நாள் முழு ஒப்பனை ஒத்திகையின்போது பாதம் முறிந்து விழுந்தார். பிராட்வேயில் இத்தகைய இடர் புதிதன்று. ஒவ்வொரு முதன்மைப் பாத்திரத்துக்கும் பாடம் செய்து ஆயத்தமாக இருக்கும் மாற்று நடிகர் அங்கே உண்டு. ஒரே ஓர் இரவுக்காகத் திரட்டப்பட்ட தொலைக்காட்சிக் குழுவில் அத்தகையவர் இல்லை. ஆகவே ஒத்திகையில் பதிந்துவைத்த காட்சிகளே பெரும்பாலும் ஒளிபரப்பாயின. இறுதிப் பகுதி மட்டும் நேரலையாக நிகழ்ந்தது. தலைப்பிலோ ‘லைவ்’ என்ற சொல் இருந்தது.

‘ரென்ட்’ நாடகத்தின் வரலாற்றிலேயே இதற்கு ஒப்பாக வைத்து நோக்கத்தக்க ஓர் இரவு உண்டு. அதன் ஆசிரியர் ஜோனதன் லார்சன் 1996 ஜனவரி 25 அன்று, முதல் முன்னோட்டக் காட்சிக்குரிய நாளின் அதிகாலையில், திடீரென இறந்தார். அன்று மாலை குழுவினர், அவருடைய குடும்பத்தினர், நண்பர்கள் முன்னிலையில், நாற்காலிகளில் அமர்ந்தபடி பாடல்களைப் பாடத் தொடங்கினார்கள். பாதியில் அமர்ந்திருக்க இயலாமல் எழுந்து ஆடினார்கள். அரங்கின் வலிமை அதன் காட்சியமைப்பிலோ ஒளியிலோ மட்டும் இல்லை. இழப்பு நேர்ந்த இடத்தில் மனிதர்கள் ஒருவர் முன் ஒருவர் நின்று, இருப்பதைக்கொண்டு நிகழ்த்த முடிவதில் இருக்கிறது.

1904இல் பேரி இசைக்குழுவினரிடம் சொல்லிவைத்த ஏற்பாட்டையும், 2019இல் ஒத்திகையைப் பதிந்துவைத்த ஏற்பாட்டையும் ஒருசேர வைத்து நோக்கலாம். இரண்டும் தோல்விக்கு அஞ்சிச் செய்த காப்புகளே. முதலாவது பயன்படாமல் போயிற்று, அவை தன் பங்கைச் செய்ததால். இரண்டாவது பயன்பட்டது, ஆனால் அது பயன்பட்ட கணத்திலேயே நிகழ்ச்சி தன் பெயரை இழந்தது. ஒரே நேரத்தில் பார்ப்பதை நேரலையின் இலக்கணமாகக் கொண்டால், 1955இன் 6.5 கோடிப் பேரும் அதில் பங்குகொண்டவர்களே. தன் கைதட்டலால் மேடையில் ஏதேனும் மாறக்கூடும் என்ற வாய்ப்பையே இலக்கணமாகக் கொண்டால், அன்றிரவு வீட்டுக் கூடங்களில் கைதட்டிய குழந்தைகளுக்கு அந்த வாய்ப்பு இருக்கவில்லை. அவர்கள் அதை அறியாமல் கைதட்டினார்கள். எஞ்சியிருக்கும் கறுப்பு வெள்ளைப் பதிவில் மேரி மார்ட்டினின் வேண்டுகோள் பதிந்திருக்கிறது. அதற்குக் கிடைத்த மறுமொழி எந்த ஆவணக்காப்பகத்திலும் இல்லை.